வங்காளத்து ராஜ்பாரிகளைக் காணச் செல்வோருக்கு

மேற்கு வங்கத்தின் ஊர்ப்புறங்களில் 'ராஜ்பாரி' என்று வழங்கும் மாளிகைகளுள் பெரும்பாலானவை அரசர்கள் ஆண்ட அரண்மனைகள் அல்ல. 'பாரி' என்றால் வீடு. நிலவரி வசூலித்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டிய ஜமீன்தார்களும், வணிகத்தில் பொருள் சேர்த்து நிலம் வாங்கிய குடும்பத்தாரும் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் இவர்களுள் பலரை வளர்த்தது. குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டத் தவறியவர்களின் நிலத்தை ஏலத்தில் விட்டு வேறு பலரை வீழ்த்தவும் செய்தது. 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தபோது வருமானம் நின்றுபோயிற்று. வீடு மட்டும் நின்றது.

இந்த வரலாறு பயணிக்கு நேரடியாகப் பயன்படும். இன்று பல மாளிகைகள் ஒரே குடும்பத்தின் பல கிளையினருக்குப் பொதுவானவை. இந்தப் பங்காளிகளை வங்காளிகள் 'ஷோரிக்' என்பார்கள். முன்கட்டுக்கு ஒருவர், பூசை மண்டபத்துக்கு ஒருவர், மாடிக்குக் கொல்கத்தாவில் குடியிருக்கும் மற்றொருவர் எனச் சாவிகளும் பிரிந்திருக்கும். ஆகவே நுழைவுச்சீட்டுச் சன்னலைத் தேடாமல், வாயிலருகே உள்ள தேநீர்க் கடையில் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிப்பதே சரியான தொடக்கம். நான் ஒருமுறை முன்கட்டில் அனுமதி பெற்ற துணிவில் பின்கட்டுக்குள்ளும் நுழைந்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையாரைத் திடுக்கிட வைத்துவிட்டேன். அந்தப் பகுதி வேறு பங்காளியுடையது.

முதன்முறை செல்வோர் இத்தகைய சிக்கல் இல்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். ஹூக்ளி மாவட்டத்து இட்டாச்சுனா ராஜ்பாரி, 1766இல் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும், 'குண்டு' என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களின் வீடு. வங்காளத்தைச் சூறையாடிய மராட்டியக் குதிரைப்படையினரான 'போர்கி'களின் வழிவந்தவர்கள் இக்குடும்பத்தார் என்பது வழக்கு. முன்பதிவு செய்து அங்கே தங்கலாம். ஹௌராவிலிருந்து பர்தமான் செல்லும் மெயின் லைன் லோக்கல் ரயிலில் கன்யான் நிலையத்தில் இறங்கி 'டோட்டோ' என்னும் பேட்டரி ரிக்‌ஷாவில் சென்றுவிடலாம். அதே பாதையில் மேலும் சென்றால் வரும் மேமாரியிலிருந்து ஆமாத்பூர் சௌதுரி குடும்பத்தின் வீட்டையும், அவ்வூரின் சுடுமண் கோயில்களையும் காணலாம் என்பதால், இரண்டையும் ஒரே பயணத்தில் இணைப்பது நல்லது.

உள்ளே நுழைந்ததும் தூண்களின் உயரத்தில் மயங்கி நின்றுவிடாமல், முற்றத்தின் ஒரு பக்கம் உயர்ந்த மேடைமீது வளைவுகளோடு அமைந்திருக்கும் 'டாக்குர் தாலான்' எங்கே என்று பாருங்கள். டாக்குர் என்றால் இறைவன். தாகூர் என்று நாம் சொல்லும் குடும்பப்பெயரும் இச்சொல்லே. துர்க்கா பூசை நடக்கும் இம்மண்டபத்தைச் சுற்றியே வீடு முழுவதும் அமைந்திருக்கும். பூசை இல்லாத மாதங்களில் இங்கே மரச்சட்டமும் மூங்கிலுமாக ஒரு வெற்றுக்கூடு சுவரில் சாய்ந்து நிற்கக் காணலாம். உடைந்த தட்டுமுட்டுச் சாமான் என்று எண்ணி அதன்மேல் பையை மாட்டிவிடக் கூடாது. அது 'காட்டாமோ', அதாவது துர்க்கையின் திருவுருவைத் தாங்கும் சட்டம். பல வீடுகளில் தேவியை நீரில் கரைத்த பின் சட்டத்தை மட்டும் மீட்டு வந்து, மறு ஆண்டு ரத யாத்திரை நாளில் அதற்குப் பூசை செய்து, அதன்மீதே வைக்கோல் கட்டி மண் பூசத் தொடங்குவார்கள். மேடைப்படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிவிட வேண்டும்.

மேடையிலிருந்து திரும்பி மாடியைப் பார்த்தால் 'கொட்கொடி' எனப்படும் மரச் சன்னல்கள் வரிசையாகத் தெரியும். சன்னலில் குறுக்காக அடுக்கியுள்ள மெல்லிய மரத்தகடுகளை இணைக்கும் நெடுக்குக் கோலைத் தூக்கினால் அவை சாய்ந்து திறக்கும், இறக்கினால் மூடிக்கொள்ளும். வெளியார்முன் வராமல் 'அந்தர்மஹால்' என்னும் உட்பகுதியில் வாழ்ந்த பெண்கள் முற்றத்து விழாக்களை இவற்றின் பின்னிருந்துதான் பார்த்தார்கள். அனுமதி கிடைத்தால் மேலே சென்று அந்த இடுக்கின் வழியே ஒருமுறை முற்றத்தைப் பாருங்கள். கீழே நின்றபோது பெரிதாகத் தெரிந்த வீடு கீற்றுக் கீற்றாகச் சுருங்கிவிடும்.

மாடித்தளங்கள் உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவியவை. கரையான் அரித்திருந்தால் வெளியே தெரியாது. வீட்டார் போகச் சொல்லாத மாடிக்கு ஏற வேண்டாம். செல்வதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழைக்காலத்தில் பாசியும் பாம்பும் உண்டு. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள்.

சைவ உணவு உண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சைவ உணவைக் குறிக்கும் 'நிராமிஷ்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைத்த பலி ஆட்டிறைச்சிக்குக்கூட வங்காளத்தில் 'நிராமிஷ் மாங்ஷோ' என்ற பெயர் உண்டு. மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று தனித்தனியே பெயர் சொல்லி முந்தைய நாளே தெரிவித்துவிடுங்கள்.

துர்க்கா பூசை நாள்களில் செல்ல விரும்பினால் பல மாதங்களுக்கு முன்பே அறை பதிய வேண்டும். ஒருநாள்தான் கிடைக்கும் என்றால் அஷ்டமியும் நவமியும் சந்திக்கும் 48 நிமிடங்களில் நடைபெறும் சந்திப் பூசை அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அதன் நேரம் ஆண்டுதோறும் மாறும். சில ஆண்டுகளில் நள்ளிரவிலும் வரும். 108 விளக்குகள் ஏற்றும் அவ்வேளையில் பிளாஷை அணைத்துவிட்டு, வீட்டாருக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள்.