பல்லுக்கு மெதுவா, கையில் உதிராம: குட்டீஸுக்கு வீட்டிலேயே கிரானோலா பார்

முதல் தடவை நான் செய்த கிரானோலா பாரை என் மகள் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, சுத்தியால உடைச்சுத் தா" என்றாள். அப்போது அவளுக்கு நாலு வயசு. கடலை மிட்டாய்க்குக் காய்ச்சுகிற மாதிரியே பாகு காய்ச்சியிருந்தேன். பெரியவர்களுக்கே அது பொருவிளங்காய் உருண்டை கணக்காக இருந்தது. அடுத்த தடவை பயத்தில் பாகைச் சீக்கிரமே இறக்கிவிட்டேன். ஸ்நாக்ஸ் டப்பாவைத் திறந்தால் உள்ளே பொரிமாவு மாதிரி பொடிதான் இருந்தது. மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. ஓட்ஸும் கடலையும் எப்படிப் போட்டாலும் ருசியாகத்தான் இருக்கும். பார் பாராக வருவதும் வராததும் பாகில்தான் இருக்கிறது. அதனால் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பாகை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், யாருக்குக் கொடுக்கலாம்?

இரண்டு வயது முடிந்த பிள்ளைகளுக்கு. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சர்க்கரையோ வெல்லமோ சேர்க்காத சாப்பாடே போதும். நிறைய செய்முறைகளில் தேன் ஊற்றச் சொல்வார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியை அந்தக் குடல் தாங்காது. வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால், அக்கா தின்றதைத் தம்பி வாயில் வைக்கத்தான் செய்வான். அதனால் நான் தேன் பக்கமே போவதில்லை.

ஐந்து வயது வரைக்கும் முழு வேர்க்கடலை, முழு பாதாம் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ரவை மாதிரி பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். சாப்பிடும்போது உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டே வேண்டாம். வேர்க்கடலையோ எள்ளோ இதுவரை கொடுத்ததே இல்லையென்றால், முதலில் அதைத் தனியாக ஒரு துளி கொடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஏதாவது அலர்ஜி உள்ள பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

என்னென்ன வேண்டும்

- ரோல்டு ஓட்ஸ் – 150 கிராம்
- வேர்க்கடலை – 75 கிராம்
- பொட்டுக்கடலை – 40 கிராம்
- பூசணி விதை – 2 டேபிள்ஸ்பூன்
- வெள்ளை எள் – 2 டேபிள்ஸ்பூன்
- கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் – 120 கிராம்
- பாகு வெல்லம் – 80 கிராம்
- நெய் – 1 டேபிள்ஸ்பூன்
- ஏலக்காய்த்தூள், உப்பு – ஒவ்வொரு சிட்டிகை

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டுக்கு இந்த அளவு சரியாக இருக்கும். சின்னச் சின்னதாக 32 துண்டு வரும். வெல்லம் போட்டால் ஹெல்தி என்று நாமே நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம், அதுவும் சர்க்கரைதான். ஒரு துண்டில் வெல்லம் இரண்டரை கிராம், கிட்டத்தட்ட அரை டீஸ்பூன். பேரீச்சையின் இனிப்பு வேறு இருக்கிறது. அதனால்தான் துண்டைச் சின்னதாக வெட்டுகிறேன். கடையில் விற்கும் நீளத்துக்கு வெட்டினால் பிள்ளை முழுசையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்கும்.

இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வாங்காதீர்கள். பாகு பட்டதும் குழைந்து களி மாதிரி ஆகிவிடும். ஓட்ஸே வேண்டாம் என்றால் கெட்டி அவலை மொறுமொறுவென வறுத்துப் போடலாம், நன்றாகவே வருகிறது. பொரி மட்டும் சரிப்படவில்லை, மறுநாளே நமுத்துப் போய்விட்டது.

1. வறுத்துப் பொடித்தல்

அடி கனமான வாணலியில் ஓட்ஸைச் சின்னத் தீயில் ஏழெட்டு நிமிடம் வறுங்கள். நிறம் பெரிதாக மாறாது, வாசனைதான் கணக்கு. பச்சை மாவு வாசம் போய் பிஸ்கெட் வாசம் வந்தால் இறக்கிவிடலாம். பிறகு வேர்க்கடலையை வறுத்து, ஆறியதும் தோலை ஊதிவிடுங்கள். பூசணி விதையையும் எள்ளையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் படபடவென்று பொரிய ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள், அரை நிமிடம் பிந்தினால் கசந்துவிடும்.

வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பூசணி விதை மூன்றையும் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சாக ஓட்டினால் கடலையில் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். ஓட்ஸில் பாதியையும் இரண்டு சுற்று சுற்றினால் சின்ன வாய்க்கு மெல்ல எளிதாக இருக்கும். எள்ளை அப்படியே போடலாம்.

2. பேரீச்சை விழுது

பேரீச்சையை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு அரையுங்கள். அரைபடவில்லை என்று தண்ணீர் ஊற்ற வேண்டாம், அந்த ஈரம்தான் பின்னால் பூஞ்சை பிடிக்க வழி செய்யும்.

3. பாகு

வெல்லத்தைத் தட்டிப் போட்டு, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர் ஊற்றிக் கரையவிட்டு வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல வெல்லமானாலும் அடியில் கொஞ்சம் மண் நிற்கும். வடித்ததை மறுபடி அடுப்பில் ஏற்றி, தீயை மிதமாக வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

முதலில் பெரிய பெரிய நுரையாகப் பொங்கும். அப்போது கைவைக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி, குமிழி சின்னதாகி நெருக்கமாக வரும், கரண்டியிலிருந்து வழிவதும் நிதானப்படும். இப்போது தீயைச் சிம்மில் வைத்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது. அடியில் தங்கினாலும், விரலால் கூட்டினால் பிசுபிசுவென்று ஒட்டினால், இன்னும் அரை நிமிடம் விடுங்கள். விரலுக்குள் திரண்டு மெத்தென்று உருண்டையாக வந்து, வெளியே எடுத்து அழுத்தினால் தட்டையாகிறதா? அதுதான் உருட்டுப் பதம், நமக்கு வேண்டியது. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் 115 டிகிரி செல்சியஸ் பக்கம் காட்டும்.

இதையும் தாண்டிவிட்டால் உருண்டை கெட்டியாகி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும். அது கடலை மிட்டாய்ப் பதம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய் படக்கென்று உடைவது பாகை அந்த அளவுக்குக் காய்ச்சுவதால்தான். பால் பல்லுக்கு அது ஆகாது. இந்த இரண்டு பதத்துக்கும் நடுவில் அதிக நேரம் கிடையாது, அதனால் ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம், முறுகிய பாகை ஒன்றும் செய்ய முடியாது.

பதம் வந்ததும் பேரீச்சை விழுதையும் நெய்யையும் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். அல்வா மாதிரி ஓரம் விட்டுச் சுருண்டு வர வேண்டும். இந்த நேரத்தில் பிள்ளைகள் அடுப்பு மேடைக்கு அருகில் வரவே கூடாது. கொதிக்கிற பாகு தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது.

4. கலப்பதும் அழுத்துவதும்

வறுத்ததெல்லாம் ஆறிப்போயிருந்தால், பாகில் கொட்டும் முன் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள். சில்லென்ற ஓட்ஸில் பட்டதும் பாகு அங்கங்கே கட்டியாக நின்றுவிடும். அடுப்பை அணைத்து, எல்லாவற்றையும் கொட்டி, உப்பும் ஏலக்காயும் தூவி, பொடி கண்ணில் படாத அளவுக்குக் கிளறுங்கள்.

நெய் தடவிய பட்டர் பேப்பர் விரித்த தட்டில் கொட்டி, அடியில் நெய் தடவிய டபராவால் அழுத்துங்கள். சும்மா சமன் செய்தால் போதாது, மூலைகளிலும் உடம்பு பலத்தைப் போட்டு அழுத்த வேண்டும். என் பொடிக் கதையில் பாதித் தப்பு இங்கேதான் நடந்தது. சூடு கொஞ்சம் தணிந்ததும் மேலே தூவ ஒரு கை எள்ளைப் பிள்ளையிடம் கொடுங்கள். தான் செய்தது என்ற பெருமையில் கூடுதலாக ஒரு துண்டு உள்ளே போகும்.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டுவிட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு கோட்டின் மேலேயே வெட்டலாம். கத்தியை இழுக்காமல், மேலிருந்து கீழே ஒரே அழுத்தாக அழுத்துங்கள்.

வைத்திருப்பது

துண்டுக்குத் துண்டு பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். வெளியில் மூன்று நாள், ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம். சென்னை வெயிலில் மூன்று நாள்கூட நான் நம்புவதில்லை, ஃப்ரிட்ஜ்தான். பேரீச்சை பல்லிடுக்கில் ஒட்டும், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் நட்ஸ் கூடாது என்றால் வேர்க்கடலையை விட்டுவிட்டு, அந்த அளவுக்குப் பொட்டுக்கடலையையும் பூசணி விதையையும் கூட்டிக்கொள்ளலாம்.

பதம் தப்பிப் போனால்

உதிர்ந்தால் மொத்தத்தையும் வாணலியில் போட்டு, இரண்டு ஸ்பூன் வெல்லத்தைப் புதிதாகப் பாகு வைத்து ஊற்றிக் கிளறி மறுபடி அழுத்துங்கள், சேர்ந்துவிடும். கல்லாகிவிட்டால் திரும்பச் சூடாக்கிப் பயனில்லை. அந்தச் சுத்தியல் பாரை நான் துணியில் கட்டிக் குழவியால் தட்டி, மிக்ஸியில் பொடித்து, தயிரில் தூவிக் கொடுத்தேன். நாலே நாளில் டப்பா காலி, "அந்தக் கல்லு பொடி இன்னும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.