லக்ஸ் வண்ணப்படத்தை எப்போது நம்பலாம்? ஒரே ஒரு பல்பில் தொடங்கும் சோதனை

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது வெளிச்சத்தைப் பற்றித்தான். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், முன்னால் குறுகலான தெரு, பின்னால் ஒரு சின்ன ஓ.டி.எஸ். (காற்றும் வெளிச்சமும் வர மேலே வானம் தெரியத் திறந்துவிட்ட இடம்). அதை ஒட்டிய தரைத்தளச் சமையலறையில் பகலில் லைட் போடாமல் சமைக்க முடியுமா? வி-ரே, என்ஸ்கேப், டயலக்ஸ் இவோ போன்ற மென்பொருள்கள் லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) அளவைச் சிவப்பு, மஞ்சள், நீலமாகக் காட்டிவிடும். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு குடும்பம் ஜன்னல் அளவை முடிவு செய்யப் போகிறது. அதற்கு முன்னால் சோதித்துப் பார்ப்பது நம் பொறுப்பு.

மென்பொருள் தரும் ரெண்டர் படம் பளிச்சென்று இருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கேமரா எக்ஸ்போஷரை ஏற்றினால் இருட்டறையும் பளிச்சிடும். லக்ஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

படி 1: கறுப்பு அறையில் ஒரு விளக்கு

சுவர், தரை, கூரை எல்லாம் முழுக் கறுப்பாக ஒரு காலி அறை வரையுங்கள். வி-ரேயில் சின்ன உருண்டை விளக்கு ஒன்றை வைத்து, அலகை லூமெனுக்கு (விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அலகு) மாற்றி 1000 கொடுங்கள். விளக்கு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

இனி காகிதத்தில் கணக்கு. எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் 1000 லூமெனை 12.57 (4π) ஆல் வகுத்தால் 79.6 கேண்டெலா, அதாவது ஒரு திசையில் போகும் ஒளியின் வலிமை. அதைத் தூரத்தின் வர்க்கமான 4 ஆல் வகுத்தால் நேர் கீழே 19.9 லக்ஸ். அங்கிருந்து தரையில் 2 மீட்டர் தள்ளி, ஒளி 45 டிகிரி சாய்ந்து விழும் இடத்தில் சுமார் 7 லக்ஸ். மென்பொருளும் இதே எண்களைக் காட்ட வேண்டும்.

எண் நூற்றுக்கணக்கான மடங்கு தவறினால் அளவு அலகைப் பாருங்கள். அங்குலத்தில் வரைந்த பிளானை மில்லிமீட்டராக ஏற்றினால் அறை 25.4 மடங்கு சுருங்கும். வெளிச்சம் 645 மடங்கு ஏறும். பகல் வெளிச்சத்தில் மட்டும் இந்தப் பிழை தெரியவே தெரியாது. வானம் எல்லா அளவு வீட்டுக்கும் ஒன்றுதான். அதனால்தான் பகல் வெளிச்சம் மட்டும் பார்க்கிறவர்களும் இந்த விளக்குச் சோதனையைச் செய்ய வேண்டும் என்கிறேன்.

டயலக்ஸில் விளக்கின் ஐ.இ.எஸ். கோப்பை (எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்று சொல்லும் கோப்பு) ஏற்றி, அதில் நேர் கீழ்த்திசைக்கு உள்ள கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். விடை சரியாக 20 சதவீதம் குறைந்தால் பயப்பட வேண்டாம். தூசு, தேய்மானத்துக்கான 0.8 பராமரிப்புக் காரணி அதில் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். சோதனைக்கு அதை 1 ஆக்கிக்கொள்ளுங்கள்.

கையால் சரிபார்க்கக்கூடிய இதுபோன்ற சோதனைகளைத் தொகுத்து, ஒளியமைப்புக்கான சர்வதேச ஆணையமான சி.ஐ.இ. 2006-இல் 171 என்ற எண்ணில் ஓர் ஆவணம் வெளியிட்டது.

படி 2: வானமும் சூரியனும்

மேகமூட்ட வானத்தைத் தேர்ந்தெடுங்கள். திறந்த வெளியில் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதம் ஓரிடத்துக்கு வருகிறது என்பதுதான் பகலொளி விகிதம். திறந்த மொட்டை மாடியில் அது 100 சதவீதம் வர வேண்டும். எதிரே எந்த மறைப்பும் இல்லாத செங்குத்துச் சுவரில், தரையைக் கறுப்பாக்கிவிட்டால், கிட்டத்தட்ட 40.

சூரியனுக்கு அட்சரேகை 13.1, தீர்க்கரேகை 80.3, நேர மண்டலம் 5.30. ரேடியன்ஸ் என்ற ஒளிக்கணக்கு மென்பொருள் மேற்கை நேர்மறையாக எடுக்கும், அதனால் அதில் தீர்க்கரேகை மைனஸ் 80.3. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்தில் தெரிய வேண்டும். ஜூன் 21-இல் சுமார் 80 டிகிரி, அதுவும் வடக்குப் பக்கம். வடக்கு ஜன்னலில் வெயிலே விழாது என்பது சென்னைக்குப் பொருந்தாது. மாதிரியில் ஜூன் வெயில் தெற்கிலிருந்து வந்தால் திசை தவறு.

படி 3: ஓ.டி.எஸ். சுவர்

பெரும்பாலான பிழைகள் இங்கேதான் வருகின்றன. ஆழமான ஓ.டி.எஸ்.ஸின் அடியில் வானம் கொஞ்சமாகத்தான் தெரியும். தரைத்தளத்துக்கு வருவது பெரும்பாலும் சுவரில் பட்டுப் பட்டு இறங்கும் ஒளி. மூடிய பெட்டியை வைத்துப் பார்த்தால், சுவர் பாதி ஒளியைத் திருப்பி அனுப்பினால் மொத்த வெளிச்சம் 2 மடங்கு. 0.8 என்றால் 5 மடங்கு, 0.9 என்றால் 10 மடங்கு. வெள்ளை என்று 255 (நிற எண்ணின் உச்சம், பட்ட ஒளி முழுதும் திரும்பும்) கொடுத்துவிட்டால் சமையலறை நிஜத்தில் இல்லாத வெளிச்சத்தில் ஜொலிக்கும்.

எதிரொளிப்பாகப் பூசாத செங்கல்லுக்கு 0.2 முதல் 0.3, புது வெள்ளைச் சுவருக்கு 0.7 முதல் 0.8 கொடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவரையும் கண்டிப்பாக வரையுங்கள். மழைக்கறை படிந்த பூச்சு என்றால் வெள்ளை என்று எடுக்காதீர்கள்.

அப்புறம் பவுன்ஸ் எண்ணிக்கை, அதாவது ஒளி எத்தனை முறை பட்டுத் திரும்புவதை மென்பொருள் கணக்கிடுகிறது என்பது. 0.8 சுவரில் 2 பவுன்ஸோடு நிறுத்தினால் 5-க்குப் பதில் 2.44 தான் கிடைக்கும், பாதிக்கும் குறைவு. எண்ணிக்கையை ஒவ்வொன்றாக ஏற்றி, லக்ஸ் அசையாமல் நிற்கும் இடம் வரை போங்கள். ரெண்டர் நேரம் கூடும், கூடட்டும்.

படி 4: ஜன்னல்

ஒற்றைத் தெளிந்த கண்ணாடி சுமார் 88 சதவீத ஒளியை விடும். ரேடியன்ஸில் இதற்கு 0.96 என்று கொடுக்க வேண்டும். அது எதிரொளிப்பைத் தனியே கழித்துக்கொள்ளும். கிரில், சன்ஷேட், கொசுவலை மூன்றையும் விடாதீர்கள். இந்தப் பக்கம் கொசுவலை இல்லாத ஜன்னலை யாரும் திறந்து வைப்பதில்லை.

படி 5: நிஜ வீட்டோடு ஒப்பிடுதல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைமேகம் முழுசாக மூடிய ஒரு பகல் போதும். சமையல் மேடையிலும் மொட்டை மாடியிலும் ஒரே நேரத்தில் லக்ஸ் மீட்டரால் அளந்து, உள்ளே வந்ததை வெளியே வந்ததால் வகுத்துக்கொள்ளுங்கள். மொபைல் ஆப் வேண்டாம். சென்சார் போனுக்குப் போன் மாறும். புது வீடு என்றால் இடிப்பதற்கு முன்பே பழைய வீட்டை அளந்து, அதையே மாதிரியாக வரைந்து பாருங்கள். விகிதம் பத்து, பதினைந்து சதவீதம் விலகினால் நான் ஏற்றுக்கொள்வேன். இரண்டு மடங்கு என்றால் திரும்பவும் படி 3.

இந்திய நெறிமுறைப்படி சமையலறைக்கு 2.5 சதவீதப் பகலொளி தேவை. வெளியே 8000 லக்ஸ் என்று வைக்கும் அந்தக் கணக்கில் மேடையில் 200 லக்ஸ். உங்கள் மாதிரியில் அது எட்டவில்லை என்றால் ஜன்னலைப் பெரிதாக்குவதற்கு முன் ஓ.டி.எஸ். சுவரை 0.3-இலிருந்து 0.7-க்கு மாற்றி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அதில் எட்டிவிட்டால் வெள்ளையடிக்கும் செலவோடு வேலை முடிந்துவிடும்.