தொகுத்தறிதல் நிரூபணத்தை வரி வரியாக எழுதுவது எப்படி?

தனிநிலைக் கணிதப் பாடத்தில் கணங்கள், தருக்கம், உறவுகள் எல்லாம் ஓரளவு ஓடிவிடும். கணிதத் தொகுத்தறிதல் வந்ததும்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஒரு கூற்று முதல் எண்ணுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையாக இருந்தால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டி, எல்லா எண்ணுக்கும் நிரூபிக்கும் முறை அது. வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகள் சாயும் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. படம் புரியும், ஆனால் தேர்வுத் தாளில் முதல் வரி எழுத வராது. அதனால் படத்தை விட்டுவிட்டு எழுதும் வேலையைப் பார்ப்போம்.

முதலில், இது எதற்கு? நாலைந்து எண்ணுக்குச் சரிபார்த்தால் போதாதா?

ஒரு வட்டம் வரையுங்கள். விளிம்பில் 2 புள்ளி வைத்து இணைத்தால் வட்டம் 2 துண்டாகும். 3 புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் 4 துண்டு. 4 புள்ளிக்கு 8, 5 புள்ளிக்கு 16. ஆறுக்கு 32 என்றுதான் யாரும் சொல்வார்கள். வரைந்து எண்ணினால் 31தான் வரும். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொள்ளாதபடி புள்ளிகளை வையுங்கள். சமஇடைவெளியில் வைத்தால் இன்னும் ஒன்று குறைந்து 30 ஆகிவிடும்.

இன்னொன்று. ந² + ந + 41 என்ற கோவையில் 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் கிடைக்கும். நாற்பது தடவை தொடர்ந்து சரியாக வந்தது, 40ஐப் போட்டதும் 1681 ஆகிறது. அது 41 × 41. ஃபெர்மா போன்ற பெரிய கணித மேதையே இப்படி ஏமாந்திருக்கிறார். 3, 5, 17, 257, 65537 என்று (அதாவது 2¹ + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 என்று) போகும் வரிசையில் எல்லாமே பகா எண்கள் என்று அவர் நம்பினார். அடுத்த எண்ணான 4294967297, 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டிவிட்டார்.

ஆகவே எத்தனை எண்ணுக்குச் சரிபார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. சரி, எழுத ஆரம்பிப்போம். பாடப்புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் வரும் மாறிகளை இங்கே ந, க என்று எழுதுகிறேன். நிரூபிக்கப் போவது இது: முதல் ந ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை ந².

படி 1: கூற்றை எழுதுங்கள்

கூ(ந): 1 + 3 + 5 + … + (2ந − 1) = ந².

பலர் இங்கேயே “கூ(ந) = ந²” என்று எழுதிவிடுகிறார்கள். கூ(ந) என்பது ஓர் எண் அல்ல. உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய ஒரு வாக்கியம். இடையில் சமக்குறி போடாமல் முக்காற்புள்ளி போடுவது அதனால்தான்.

படி 2: தொடக்க நிலை

ந = 1. இடப்பக்கம் 1. வலப்பக்கம் 1² = 1. இரண்டும் சமம், ஆகவே கூ(1) உண்மை. இரு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டுங்கள். இதற்கு மேல் இங்கே வேலை இல்லை.

படி 3: அனுமானம்

“க ≥ 1 என்ற ஏதோ ஒரு முழு எண்ணுக்குக் கூ(க) உண்மை எனக் கொள்வோம். அதாவது 1 + 3 + … + (2க − 1) = க².”

நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டால் அது ஏமாற்று வேலை இல்லையா என்ற சந்தேகம் வரும். வரட்டும், நியாயமான சந்தேகம்தான். நாம் இங்கே எல்லா எண்ணுக்கும் உண்மை என்று வைத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஓர் எண்ணில் அது உண்மையாக இருந்தால் அடுத்த எண்ணிலும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற ‘இருந்தால்’ வாக்கியத்தை மட்டும் நிரூபிக்கப் போகிறோம். கூ(1) உண்மை என்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதிலிருந்து கூ(2), அதிலிருந்து கூ(3) என்று ஏறிக்கொண்டே போகலாம். அனுமானத்தில் “எல்லா க-வுக்கும்” என்று எழுதினால்தான் அது ஏமாற்று. “ஏதோ ஒரு க” என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள்.

படி 4: அடுத்த எண்ணுக்கு நகர்த்துங்கள்

நிரூபணத்தின் உயிர் இங்கேதான். முதலில் தாளின் ஓரத்தில், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்: வலப்பக்கம் (க + 1)² ஆக வேண்டும். பிறகு இடப்பக்கத்தை மட்டும் எடுத்து ஆரம்பியுங்கள்.

1 + 3 + … + (2க − 1) + (2க + 1)
= க² + (2க + 1)  … அனுமானத்தின்படி
= (க + 1)²

“அனுமானத்தின்படி” என்ற குறிப்பை எழுதாமல் விடாதீர்கள். உங்கள் நிரூபணத்தில் அனுமானம் எங்குமே பயன்படவில்லை என்றால், ஒன்று தவறு நடந்திருக்கிறது, இல்லையேல் இந்தக் கணக்குக்குத் தொகுத்தறிதலே தேவையில்லை.

இன்னொரு பழக்கம் உண்டு. நிரூபிக்க வேண்டிய சமன்பாட்டையே முதல் வரியில் எழுதி, இரண்டு பக்கத்தையும் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் 0 = 0 என்று முடிப்பது. அதை நிரூபணம் என்று ஏற்க முடியாது. 1 = −1 என்று ஆரம்பித்து இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினாலும் 1 = 1 வரும்! முடிவில் உண்மை கிடைத்ததால் தொடக்கம் உண்மையாகிவிடாது. ஒரு பக்கத்தில் புறப்பட்டு மறுபக்கம் போய்ச் சேருங்கள்.

படி 5: முடிவு வரி

“ஆகவே கணிதத் தொகுத்தறிதலின்படி, ந ≥ 1 ஆன எல்லா முழு எண்ணுக்கும் கூ(ந) உண்மை.” அவ்வளவுதான்.

இந்த ஒற்றைப்படை எண் கணக்கு பழையது. இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்த மௌரோலிக்கோவின் 1575ஆம் ஆண்டு நூலிலேயே இந்த வகை வாதம் இருக்கிறது. முறைக்குப் பெயர் நிலைத்தது வெகு காலம் கழித்து, 1838இல் டி மோர்கன் எழுதிய கட்டுரையின் வழியாக. தருக்கத்தில் நீங்கள் படித்த டி மோர்கன் விதிகளுக்குச் சொந்தக்காரரும் அவர்தான். 1806இல் அவர் பிறந்தது நம் மதுரையில்.

வகுபடும் கணக்கிலும் இதே ஐந்து படிதான். ந³ + 2ந எப்போதும் 3ஆல் வகுபடும் என்று காட்ட வேண்டுமா? ந = 1க்கு 3 வருகிறது, சரி. க-வுக்கு வகுபடும் எனக் கொண்டு, (க + 1)³ + 2(க + 1) என்பதை விரித்துவிட்டு, பழைய கோவை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்: (க³ + 2க) + 3(க² + க + 1). முதல் அடைப்பு அனுமானத்தால் 3ஆல் வகுபடும், இரண்டாவதைப் பார்த்தாலே தெரிகிறது.

தொடக்க நிலை அற்பமாகத் தெரிவதால் அதை விட்டுவிடலாம் என்று தோன்றும். விட்டால் என்ன ஆகும் பாருங்கள். கூ(ந): ந = ந + 1. க-வுக்கு உண்மை எனக் கொண்டால் க = க + 1; இரு பக்கமும் 1 கூட்டினால் க + 1 = க + 2. படி 4 பிசகில்லாமல் நடக்கிறது! ஆனால் 1 = 2 இல்லையே. ஏறுவதற்கு முதல் படியே இல்லை.

ஒரு படி பின்னால் போதாதபோது

3 ரூபாய், 5 ரூபாய் அஞ்சல்தலைகள் மட்டும் வேண்டிய அளவு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 8 ரூபாயிலிருந்து எந்தத் தொகையையும் சில்லறை மீதமின்றி ஒட்டிவிடலாம். 7 ரூபாய்க்கு முடியாது, முயன்று பாருங்கள்.

க ரூபாய்க்கு முடியும் என்பதிலிருந்து அடுத்த ரூபாய்க்குத் தாவுவது கொஞ்சம் சிக்கல். மூன்று ரூபாய் பின்னால் போனால் எளிது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு தொகையை எடுத்துக்கொண்டு, 8 முதல் அதற்கு முந்தைய தொகை வரை எல்லாவற்றுக்கும் முடியும் எனக் கொள்ளுங்கள். எடுத்த தொகையில் 3ஐக் கழித்தால் 8க்குக் குறையாது; அதை ஒட்டிவிட்டு மேலே ஒரு 3 ரூபாய்த் தலை. முடிந்தது. இப்படி முந்தைய எல்லாவற்றையும் அனுமானமாகக் கொள்வதை வலுவான தொகுத்தறிதல் என்பார்கள்.

ஆனால் 8, 9, 10 மூன்றும் இந்த வாதத்தில் அடங்கவில்லை. அவற்றிலிருந்து 3ஐக் கழித்தால் 8க்குக் கீழே போய்விடும். அதனால் தொடக்க நிலையில் மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்: 3 + 5, 3 + 3 + 3, 5 + 5. எத்தனை படி பின்னால் போகிறீர்களோ, அத்தனை தொடக்க நிலைகள்.

இப்போது உங்கள் முறை. 4 ரூபாய், 5 ரூபாய்த் தலைகள் மட்டும் இருந்தால் 12 முதல் எந்தத் தொகையும் முடியும் என்று நிரூபியுங்கள். 4ஐக் கழித்துப் பின்னால் போனால், 12, 13, 14, 15 நான்கையும் முதலில் கையால் காட்ட வேண்டியிருக்கும்.