கிடைக்காவல் நாய்: குட்டி எடுப்பது முதல் ஈற்று வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கேரியாவின் கராகச்சான், போர்ச்சுகலின் காஸ்த்ரோ லபொரேய்ரோ, துருக்கியின் காங்கல், இமாச்சலத்தில் கத்தி (Gaddi) என்னும் இடையர் மக்களின் நாய், காஷ்மீரின் பக்கர்வால் நாய். ஓநாயும் கரடியும் சிறுத்தையும் திரியும் மலைகளில் ஆட்டு மந்தையோடு கிடந்து அதைக் காப்பதற்கென்றே உருவான நாய்கள் இவை. இவற்றில் பல இன்று அருகிவிட்டன. ஆசைப்பட்டு வாங்குபவர்களும் வளர்த்து விற்பவர்களும் செய்கிற தவறுகளால் எஞ்சியிருப்பவையும் கெட்டுப்போகின்றன.

கராகச்சானுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்த நாய்களின் உயிர்நாடி எது என்று தெரியும். கராகச்சான் என்பது பால்கன் மலைகளில் பருவந்தோறும் மந்தையோடு இடம்பெயர்ந்த இடையர் மக்களின் பெயர். 1950களின் பிற்பகுதியில் பல்கேரிய அரசு தனியார் மந்தைகளை எடுத்துக்கொண்டது. ஆடு போனதும் நாய்க்கு வேலை இல்லை, பெருமளவில் அழிந்தது. 1990களில் செதெஃப்செவ் சகோதரர்கள் மலைக்கிராமங்களில் எஞ்சியிருந்த நாய்களைத் தேடிச் சேர்த்தார்கள். செம்பர்விவா அமைப்பின் வழியாக, ஓநாய்த் தொல்லையில் இருந்த இடையர்களிடம் குட்டிகளைக் கொடுத்தார்கள். நாயை மட்டும் தனியே மீட்க முயலாமல், கராகச்சான் ஆட்டையும் குதிரையையும் சேர்த்தே வளர்த்தார்கள். வேலை இருந்தால்தான் இந்த இனம் இருக்கும். கீழே வரும் தவறுகள் எல்லாவற்றுக்கும் இதுவே அளவுகோல்.

தோற்றத்தைப் பார்த்துக் குட்டி எடுப்பது

பெரிய தலை, கனத்த எலும்பு, அடர்ந்த பிடரி. படத்தில் இவைதான் தெரியும். பெரிய உடல் வேண்டும் என்று காக்கேசிய, மத்திய ஆசிய நாய்களோடு கலந்து விற்பது பல்கேரியாவிலேயே நடந்தது. எடை ஏற ஏற, நாளெல்லாம் மலையேறும் திறன் குறையும், மூட்டு சீக்கிரம் தேயும், வெயில் தாங்காது. குட்டி வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியது: தாயும் தந்தையும் இப்போது எந்த மந்தையில் இருக்கின்றன? அந்த மந்தையில் குட்டி போட்ட ஆடு அருகில் இருக்கும்போது அந்த நாய்கள் எப்படி நடந்துகொள்கின்றன? நேரில் போய்த் தாயை ஆடுகளுக்கு நடுவே பாருங்கள். ஆட்டை நேராக முறைக்காமல், தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நெருங்கி, ஆடுகளோடு படுத்துக்கிடந்தால் நல்ல அடையாளம். தாய் கூண்டிலோ வீட்டு முற்றத்திலோ மட்டும் வளர்ந்தது என்றால், சான்றிதழ் எத்தனை இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

ஆடே இல்லாத வீட்டில் வளர்ப்பது

இரவு முழுக்கக் குரைப்பது இந்த நாயின் கடமை. இருட்டில் அசையும் எதையும் அது எச்சரிக்கும். தன் எல்லை எது என்பதைத் தானே முடிவு செய்து, கிலோமீட்டர் கணக்கில் சுற்றும். நகரத்து வீட்டில் இந்தக் குணங்களே குற்றமாகிவிடும். காவலுக்கு வேண்டுமென்று சங்கிலியில் கட்டிப்போட்டால் அந்த நாய் ஆபத்தானதாக மாறும். அடர்ந்த இரட்டை ரோமம் உள்ள மலை நாயைத் தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலில் வைப்பதும் அதற்குக் கொடுமைதான்.

சட்டச் சிக்கலும் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய 23 இனங்களின் தடைப் பட்டியலில் காங்கல், அக்பாஷ், டோர்னியாக், ஷார்ப்ளானினாட்ஸ் ஆகிய கிடைக்காவல் நாய்களும் இருந்தன. அந்தச் சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனாலும் உங்கள் உள்ளாட்சியின் விதி என்ன என்று பார்க்காமல் குட்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் 16 வாரங்களை வீணாக்குவது

இதைவிடப் பெரிய தவறு கிடையாது. நாய்க்குட்டிக்கு மூன்றாம் வாரம் தொடங்கி ஏறத்தாழ 16-ஆம் வாரம் வரை ஒரு காலம். அதற்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தை வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு கழித்த குட்டியை ஆறு மாதத்தில் பட்டியில் விட்டால், அது வேலியைத் தாண்டி வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். பிறகு என்ன பயிற்சி கொடுத்தாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.

குட்டிகள் பட்டியின் ஒரு மூலையில், ஆட்டின் வாசமும் சத்தமும் எட்டும் இடத்தில் பிறக்க வேண்டும். ஏழு எட்டு வாரத்தில் தாயைப் பிரிந்ததும் நேராக ஆடுகளிடம் போக வேண்டும். மொத்த மந்தையில் விடக்கூடாது. முட்டும் தாயாடு ஒன்றே குட்டியின் காலை உடைத்துவிடும், இல்லையென்றால் ஆட்டைக் கண்டாலே நடுங்கவைத்துவிடும். சிறு தடுப்பு ஒன்று கட்டி, பால் மறந்த சாதுவான ஆட்டுக்குட்டிகள் ஐந்தாறை விட்டு, அவற்றோடு நாய்க்குட்டியை விடுங்கள். ஆடு நுழைய முடியாத, நாய்க்குட்டி மட்டும் புகுந்துகொள்ளக்கூடிய ஒரு மறைவு கட்டாயம் வேண்டும். தீவனமும் தண்ணீரும் அங்கே. ஆடுகள் அதன் தட்டில் வாய்வைத்தால் தீனிச் சண்டை பழகிவிடும்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு. "மனிதக் கை படவே கூடாது" என்று ஒதுக்கி வளர்த்த நாயைப் பின்னால் ஊசி போடவும் பிடிக்க முடியாது, புண்ணுக்கு மருந்திடவும் முடியாது. தினமும் சில நிமிடம், பட்டிக்குள்ளேயே வைத்துத் தொட்டுப் பழக்குங்கள். கழுத்துப்பட்டை, கயிற்றில் நடப்பது, கால் நகம், வாய், காது, வண்டியில் ஏறுவது, பெயர் சொன்னால் வருவது, இவ்வளவு போதும். கொஞ்சுவதும் விளையாடுவதும் பட்டிக்கு வெளியே நடந்தால் குட்டி பட்டியை விட்டு வெளியே வரத்தான் பார்க்கும்.

விடலைப் பருவத்தில் நம்பிவிடுவது, அல்லது கைவிடுவது

ஆறு மாதத்தில் உருவம் பெரிதாகிவிடும், புத்தி வளர்ந்திருக்காது. முழு முதிர்ச்சிக்கு இரண்டு வருடம், சிலவற்றுக்கு மூன்று. இடைப்பட்ட காலத்தில் ஆட்டுக்குட்டியைத் துரத்தும், காதைக் கடிக்கும், ரோமத்தைப் பிடித்து இழுக்கும். கொல்லும் எண்ணம் அதற்கு இருக்காது, விளையாட்டுதான். ஆனால் இரண்டு மூன்று முறை துரத்தி ருசி கண்டுவிட்டால் வழக்கமாகிவிடும், ஆடும் சாகும். இதைப் பார்த்தவுடன் நாயை விற்றுவிடுவது பலர் செய்யும் அவசரம். அந்த வயதில் அதை ஆட்டுக்குட்டிகளிடமிருந்து பிரித்து, முட்டத் தெரிந்த கிடாக்களோடும் வயதான ஆடுகளோடும் விடுங்கள். கழுத்துப்பட்டையிலிருந்து, முன்னங்கால் முட்டிக்குச் சற்று மேலே படும்படி குறுக்குக் கட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் நடக்கலாம், ஓட முடியாது. தினமும் கழற்றி, தோல் உரசிப் புண்ணாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆடுகள் ஈனும் முதல் பருவத்தில் இளம் நாயை அவற்றோடு தனியே விடவே கூடாது. நஞ்சுக்கொடியைத் தின்பது இயல்பு; ஈரம் காயாத ஆட்டுக்குட்டியை நக்கித் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்க ஆள் வேண்டும்.

ஒரே ஈற்றின் இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுப்பதும் இந்தப் பருவத்தில்தான் தொல்லை தரும். அவை ஆட்டோடு ஒட்டாமல் தங்களுக்குள் ஒட்டி, சேர்ந்து துரத்தும். ஆனால் ஓநாய் உள்ள இடத்தில் ஒற்றை நாயும் போதாது. ஒன்று எதிரியை நோக்கிப் போகும்போது மற்றொன்று மந்தையை விட்டு அகலாமல் நிற்க வேண்டும். முதல் நாய் தேறிய பிறகு, ஒன்றரை இரண்டு வருடம் கழித்து அடுத்த குட்டியை எடுங்கள். மூத்ததைப் பார்த்து இளையது பாதி வேலையைக் கற்றுக்கொள்ளும்.

தீனியும் புழுவும்

கொழுகொழுவென்று வளர்க்க வேண்டாம். பெரிய உடல்வாகு உள்ள இனத்தின் நாய்க்குட்டி தன் குடல் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்தை (கால்சியம்) ஆறு மாதம் வரை சரியாகக் கட்டுப்படுத்தாது. எனவே நல்ல குட்டித் தீவனத்தின் மேல் கால்சியம் பொடி சேர்த்தால் எலும்பும் மூட்டும் கோணும். தீவனத்தின் உலர் எடையில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 1.2-ஐ ஒட்டி இருப்பது நல்லது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், தலை ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போடுவது கிடைகளில் பரவலான பழக்கம். நீர்க்கட்டிப் புழு இப்படித்தான் ஆட்டிலிருந்து நாய்க்கும், நாயின் மலம் வழியாகத் திரும்ப ஆட்டுக்கும், மனிதரின் ஈரலுக்கும் போகிறது. ஆடு தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து சாகும் நோயும் நாயின் குடலில் வாழும் நாடாப்புழுவால் வருவதே. அரை மணி நேரமாவது கொதிக்கவைத்துப் போடுங்கள். முடியாவிட்டால் ஆழப் புதைத்துவிடுங்கள். நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம்.

இனப்பெருக்கத்தில் நடப்பவை

வேலையைப் பார்க்காமல் இணை சேர்ப்பது முதல் தவறு. இரண்டு வயதுக்கு முன் நாயின் குணம் தெரியாது. இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயையும் அந்த வயதில் எடுத்தால்தான் தெளிவான முடிவு கிடைக்கும். ஆடுகளின் ஒரு ஈற்றுக் காலத்தையாவது மந்தையோடு சேதமில்லாமல் கழித்த நாயை மட்டுமே சேர்க்க வேண்டும். சேர்க்கும் முன் இரண்டுக்கும் புருசெல்லா (கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி) பரிசோதனை வேண்டும்.

அருகிய இனத்தை உண்மையில் கொல்வது, பேர்பெற்ற ஓர் ஆண் நாயை எல்லாப் பெட்டைகளுக்கும் சேர்ப்பதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இனத்தின் பயனுள்ள தொகை கிடைக்கும். 50 பெட்டைக்கு 2 ஆண் என்றால் அது வெறும் 8. கண்ணுக்கு 52 நாய் தெரிந்தாலும் மரபில் 8 நாய்க்குச் சமம். ஒவ்வொரு தலைமுறையிலும் உறவு நெருக்கம், அதாவது உறவுக்குள் இணைவதன் அளவு, 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறும். அதே 50 பெட்டைக்கு 10 ஆண் வைத்தால் 33 ஆகிவிடும், ஏற்றம் பாதிக்கும் கீழே குறையும். ஐந்து ஆண்டில் பதிவாகும் குட்டிகளில் ஒரே நாயின் பிள்ளைகள் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது உலக நாய் வளர்ப்புக் கூட்டமைப்பின் வழிகாட்டல். அண்ணன் தங்கை சேர்ந்தால் குட்டியின் உறவு நெருக்கம் 25 விழுக்காடு, ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானால் 12.5. மூன்று தலைமுறைப் பெயராவது எழுதிவைக்காமல் இதைத் தவிர்க்க முடியாது.

பருவத்துக்கு வந்த பெட்டையை மூன்று வாரமாவது உறுதியான கொட்டகையில் அடைத்து வையுங்கள். ஊர் நாய் ஒன்று வேலி தாண்டினால் போதும். ஒரே ஈற்றில் இரண்டு தந்தைக்குப் பிறந்த குட்டிகள் இருக்கக்கூடும்.

சினை சுமார் 63 நாள். உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அரைமணி நேரம் கடுமையாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, உள்ளே குட்டி இருக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ மருத்துவரை அழையுங்கள். பிறந்த குட்டிகளைத் தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் எடை இரட்டிப்பாக வேண்டும். குடற்புழு மருந்து 2, 4, 6, 8-ஆம் வாரங்களில். குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16-ஆம் வாரம் வரை, மூன்று நான்கு வார இடைவெளியில். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

குட்டி கேட்டு வருகிறவரிடம் மந்தையின் அளவு, வேலி, இரவில் ஆடு அடையும் இடம், வருகிற விலங்கு எது என்பதையெல்லாம் விசாரியுங்கள். குட்டி போன பிறகு ஆறாம் மாதமும் ஒரு வருடத்திலும் இரண்டு வருடத்திலும் போய்ப் பார்த்து, ஆட்டோடு ஒட்டியிருக்கிறதா, துரத்துகிறதா, எதிரி வந்தபோது என்ன செய்தது என்று மூன்றையும் குறித்துவையுங்கள். அடுத்த இணையை அந்த ஏட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.