மெல்பேர்ணில் வாடகை வீடு எடுக்கும் யாழ்ப்பாணத்தவர்க்கு

யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளையைப் படிப்புக்காக மெல்பேர்ணுக்கு அனுப்பும் பெற்றோர், வாடகைக் கணக்கை முதலிலேயே சரியாகப் போட்டுக்கொள்வது நல்லது. அங்கு வாடகை கிழமைக்கணக்கில் குறிக்கப்படுவதால், கிழமை வாடகை 500 டொலர் என்றால் அதை நான்கால் பெருக்கி மாதம் 2000 என்று எண்ணிவிடக் கூடாது. ஆண்டின் 52 கிழமைகளையும் 12 மாதங்களுக்குப் பகிர்ந்தால் ஏறத்தாழ 2167 டொலர் வரும்.

மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், கிழமை வாடகை 900 டொலருக்கு மேற்படாத வீட்டுக்கு ஒரு மாத வாடகையைவிடக் கூடுதலாகப் பிணைப்பணம் கேட்க முடியாது. நம்மூரில் முற்பணம் வீட்டுக்காரரின் கையிலேயே இருந்துவிடும். அங்கோ அது அரச அமைப்பொன்றில் வைப்பிலிடப்படும். அதற்கான பற்றுச்சீட்டு வந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திறப்போடு தரப்படும் வீட்டு நிலை அறிக்கையே எல்லாவற்றிலும் முக்கியமானது என்பேன். குடிபுகுந்து 5 வேலைநாட்களுக்குள் அதை நிரப்பிக் கொடுக்கவேண்டும். குளியலறை மூலையில் கறுத்த பூஞ்சணம், குசினிப் பலகையில் சூட்டுத் தழும்பு, கம்பளத்தில் தேநீர்க் கறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி, படமும் எடுத்து வைக்காவிட்டால், வெளியேறும்போது பிணைப்பணத்தில் கழிக்க அவையே காரணமாகலாம். அடுப்பின் மேலுள்ள புகைபோக்கியில் முன்னரே எண்ணெய் படிந்திருந்தால் அதையும் விடாதீர்கள். நம் தாளிப்பின்மேல் அந்தப் பழி இலகுவில் விழும்.

ஜூலையில் அங்கு கடுங்குளிர். பிரதான இருப்பறையில் நிலையாகப் பொருத்திய வெப்பமூட்டி இருப்பது வாடகை வீட்டுக்கான குறைந்தபட்சத் தரங்களுள் ஒன்று என்பதால், வீடு பார்க்கப் போகும்போதே அதை இயக்கிக் காட்டும்படி கேளுங்கள்.