கல்லூரிப் பட்டியலும் காசுக் கணக்கும் ஒரே நோட்டில்

பொதுத்துறை வங்கி ஒன்றில் கல்விக்கடன் மேசையில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மே, ஜூன் வந்தால் கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலுக்கு யாராவது ஒரு பிள்ளை மார்க் ஷீட்டோடு வந்துவிடும், கூடவே அம்மாவோ அப்பாவோ. தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவர்கள், வானம் பார்த்த பூமியில் உளுந்தும் பாசியும் போடுகிறவர்கள். "மேடம், எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" என்பது முதல் கேள்வி. "லோன் கிடைக்குமா?" என்பது இரண்டாவது. முதல் கேள்வியை ஜூனில் கேட்பார்கள். இரண்டாவதை சீட் வாங்கி, கட்டணச் சீட்டும் கைக்கு வந்த பிறகு கேட்பார்கள். அதற்குள் வழிகள் பாதி அடைபட்டிருக்கும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே நோட்டில் எழுதுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். அதை எப்படிச் செய்வது என்பதைப் பொறியியல் கலந்தாய்வை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு என்னவெல்லாம் உரிமை என்று எழுதுங்கள். கல்லூரிப் பெயர் அப்புறம்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையா? அப்படியென்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021 முதல், அந்த ஒதுக்கீட்டில் சீட் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணம் மட்டுமல்லாமல் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இந்த விடுதி விஷயம் பல வீடுகளுக்குத் தெரியவே இல்லை. தூரத்தில் இருக்கிற நல்ல கல்லூரியை, "ஹாஸ்டலுக்கு எங்கே போவது" என்று பட்டியலிலேயே போடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தச் சலுகை அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த சீட்டுக்குத்தான். இதோடு, அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000. பணம் பிள்ளையின் கணக்குக்கே வரும். அதனால் பிள்ளை பெயரில் கணக்கு இருக்க வேண்டும், ஆதார் அதில் இணைந்திருக்க வேண்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கவில்லையா? முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்குங்கள். கலந்தாய்வு வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 குறையும். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் என்பதால், அடுத்தடுத்து இரண்டு பேர் படிக்கப் போகிற வீட்டில் இதை யாருக்குப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் குடும்பத்தில் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால், பத்தாம் வகுப்புக்கு மேலான படிப்புக்குத் தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பெண் பிள்ளைகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் பார்த்துத் தேர்வு செய்வார்கள். இது நிச்சயமில்லாத பணம். விண்ணப்பியுங்கள், ஆனால் கணக்கில் வரவாக எழுதாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை சான்றிதழ்கள். வருமானம், சாதி, முதல் பட்டதாரி மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் போட்டு, விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று நகர வேண்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே அங்கேதான் நிற்கும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து, நான்கு வருடக் கணக்கு. இதில்தான் நான் அதிக நேரம் உட்கார வைப்பேன்.

கல்லூரிகள் சொல்வதும் வீடுகள் கேட்பதும் ஒரே எண்: கல்விக் கட்டணம். 2017-இல் கட்டண நிர்ணயக் குழு, தனியார் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு என்பிஏ (பாடப்பிரிவுகளின் தரத்தைப் பார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள பிரிவென்றால் ஆண்டுக்கு 55,000, இல்லாததற்கு 50,000 என்று வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 87,000, 85,000. நீங்கள் சேரும் வருடத்துத் தொகையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டைத் திணற வைப்பது அந்த எண் இல்லை. விடுதியும் மெஸ்ஸும் ஆண்டுக்கு 80,000 என்று ஒரு கல்லூரி சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 55,000 வீதம் நான்கு வருடத்துக்குக் கல்விக் கட்டணம் 2,20,000, விடுதி 3,20,000. படிப்பை விடத் தங்குவதற்குச் செலவு கூடுதல். முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தை 1,20,000-ஆகக் குறைக்கும், விடுதியைத் தொடாது. அதனால் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஒரு நல்ல கல்லூரியும், முந்நூறு கிலோமீட்டர் தள்ளி அதே தரத்தில் இன்னொன்றும் இருந்தால், இரண்டுக்கும் இடையே லட்சக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது. தூரத்துக் கல்லூரி உண்மையிலேயே மேலானதென்றால் அந்தச் செலவு நியாயம்தான். பெயருக்காக மட்டும் என்றால் நியாயமில்லை.

கல்விக் கட்டணம், விடுதி, மெஸ் போக, கல்லூரிப் பேருந்து, தேர்வுக் கட்டணம், சீருடை, லேப்டாப், "பிளேஸ்மென்ட் பயிற்சி" என்ற பெயரில் வாங்கும் தொகை, முன்வைப்புத் தொகை எல்லாவற்றையும் வருடவாரியாக எழுதுங்கள். கல்லூரியில் கேட்கும்போது வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். நான்கு வருடக் கட்டண விவரத்தை லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு தரச் சொல்லுங்கள். வங்கி அந்தத் தாளைத்தான் பார்க்கும். அதில் இல்லாத தொகைக்குக் கடன் வராது. ரசீது இல்லாமல் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992 முதல் இருக்கிறது.

இப்போது கல்லூரிகளைப் பார்க்கலாம்.

கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. முந்தைய வருடங்களில் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், எந்த மதிப்பெண்ணில் முடிந்தது என்பதை ஆராய்ந்து, மேலே கொஞ்சம், கீழே நிறைய என்று ஒரு நீளமான பட்டியல் எடுங்கள். சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரியும் குரோம்பேட்டை எம்ஐடியும் எல்லாருக்கும் தெரியும். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி), காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி, சேலம், திருநெல்வேலி, பர்கூர், போடி என்று அரசுக் கல்லூரிகளை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்? அங்கே கட்டணம் தனியார் கல்லூரியில் கட்டுவதில் சிறு பங்குதான். மதிப்பெண் எட்டினால் இவை பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியாக இருக்கும், கட்டணமும் வேறு. எதைத் தேர்கிறோம் என்று பார்த்துத் தேருங்கள்.

தரத்தை எப்படித் தெரிந்துகொள்வது? விளம்பரப் பலகையில் இருக்கும் "ஆண்டுக்கு 20 லட்சம் சம்பளம்" ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. உங்களுக்கு வேண்டியது நடுவில் நிற்கிற பிள்ளையின் கதை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் போட்டிருக்கும். அதில் ஒரு அட்டவணையில், ஒரு வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம்) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று வரிசையாக இருக்கும். சேர்ந்தவர்களுக்கும் உரிய காலத்தில் முடித்தவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் அரியர் அதிகம் என்று அர்த்தம். கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு எண் ரொம்ப முக்கியம்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைவுக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தைப் பருவவாரியாக வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அந்தப் பட்டியலில் வராது. பெயரைக் காணோமே என்று பயப்பட வேண்டாம். என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்குப் பொதுவாக இருக்காது. பாடப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் தனி, முடியும் தேதியும் உண்டு. உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இதைப் பணத்தோடும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கடன் பற்றிப் பேசும்போது திரும்பி வருகிறேன்.

சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கலந்தாய்வில் கல்லூரி விருப்பங்களை வரிசையாகப் பதிவது பற்றிச் சுருக்கமாக. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், வரிசைதான் முக்கியம். உங்கள் இடம் வரும்போது மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி கொடுக்கும். அதனால் "இது நிச்சயம் கிடைக்கும்" என்பதை மேலே வைக்காதீர்கள். உண்மையில் அதிகம் விரும்புவதை மேலே வையுங்கள். நான்கு வருடக் கணக்கு ஒத்துவராத கல்லூரியைப் பட்டியலில் வைக்கவே வேண்டாம். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்கிறீர்களா, பட்டியலில் அதற்கு மேலே உள்ள விருப்பத்துக்காகக் காத்திருக்கிறீர்களா என்று ஓரிரு நாளில் சொல்ல வேண்டும். அப்போது பதற்றமில்லாமல் முடிவெடுக்க அந்த நோட்டு கையில் இருந்தால் போதும்.

சரி, வங்கி.

மே மாதத்திலேயே அப்பா அம்மா கணக்கு வைத்திருக்கும் கிளைக்குப் போய் விசாரியுங்கள். இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரி கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணையும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார்கள். அவர்கள் சிபில் அறிக்கையை (பழைய கடன்களைக் கட்டிய வரலாறு) முன்பே எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒரு முறை இலவசம். மறந்துபோன பைக் தவணையோ குழுக் கடன் பாக்கியோ அதில் நின்றால், மேசைக்கு வருவதற்குள் தீர்த்துவிடலாம். நிர்வாக ஒதுக்கீட்டு சீட் என்றால் இந்தத் திட்டத்துக்குள் வருவது கடினம். வங்கி தன் சொந்தத் திட்டத்தில் தந்தால் உண்டு, நிபந்தனைகளும் வேறு. "சீட் வாங்கிடுவோம், லோன் பார்த்துக்கலாம்" என்று நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் போகிற குடும்பங்களைப் பார்த்துத்தான் எனக்கு இன்றும் மனது கஷ்டப்படுகிறது.

வட்டியை ஒரு முறை போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று கொள்வோம். படிக்கும்போதும், முடித்து ஒரு வருடம் வரையிலும் தவணை கிடையாது. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருடம், இரண்டாவதற்கு நான்கு, மூன்றாவதற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. மொத்த வட்டி 1,40,000. பிள்ளை தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்து வருடத் தவணையில் மாதம் ஏறக்குறைய 7,100 ரூபாய்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழில்நுட்பப் படிப்புக்கு அந்த 1,40,000-ஐ மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஏற்றுக்கொள்ளும். தவணை 5,300-க்கு இறங்கும். ஆனால் கல்லூரிக்கு நாக் (உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பு) அல்லது உங்கள் பிரிவுக்கு என்பிஏ அங்கீகாரம் இருக்க வேண்டும். அங்கீகாரம் பற்றி அத்தனை வற்புறுத்தியது இதற்காகத்தான். படிப்பைப் பாதியில் விட்டால் மானியம் போய்விடும், மருத்துவக் காரணம் தவிர. பிஎம் வித்யாலக்ஷ்மி திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. அதன் பட்டியலில் உள்ள முன்னணிக் கல்வி நிறுவனங்களுக்குப் பிணையோ ஜாமீன்தாரரோ கேட்க மாட்டார்கள், வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரிகளை அதில் தேடிப் பாருங்கள்.

மானியத்துக்குள் வராத வீடு என்றால், படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவர முடியுமா என்று பாருங்கள். முதல் வருடம் 1 லட்சத்துக்கு மாதம் 833 ரூபாய்தான். அப்படிக் கட்டினால் வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கும் வழக்கமும் இருக்கிறது. கிளையில் கேட்டு, அனுமதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கையில் ரொக்கம். ஒதுக்கீட்டு ஆணை வந்த சில நாட்களில் கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். அந்த ஆணை இல்லாமல் கடன் அனுமதி ஆகாது, அனுமதி ஆகவும் வாரங்கள் பிடிக்கும். அதனால் முதல் தவணைக் கட்டணமும் விடுதி முன்பணமும் வீட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். இதற்காகக் கந்துவட்டிக்குப் போய்விடாதீர்கள். ஒரு சிறிய நகைக்கடன் எவ்வளவோ மேல். கட்டிய ரசீதைக் காட்டினால் அந்தத் தொகையைக் கடனிலிருந்து திருப்பித் தருவார்களா என்று கிளையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் பிடித்து வைக்கக் கூடாது. அடுத்த சுற்றில் மேலான இடம் கிடைத்துக் கடைசித் தேதிக்கு முன் விலகினால், ஏஐசிடிஇ விதிப்படி 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கவும் கூடாது. அந்த ரசீதையும் ஆணையையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, ஒவ்வொரு வருடமும் அடுத்த தவணை கேட்கும்போது மார்க் ஷீட்டோடு புதிய ரசீதையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.