மூஞ்சூறு ஆளைத் தின்னும் படங்கள்: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் சனிக்கிழமை ராத்திரி எங்கேயும் போக முடியாது. முலுண்டிலோ செம்பூரிலோ யாராவது ஒருவர் வீட்டில் நாலைந்து பேர் கூடி, சூடாக வடாபாவ் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு மொக்கைப் படம் போடுவது எங்கள் தமிழ்க் கூட்டத்தின் பழக்கம். அதிலும் மிருகம் ஆளைக் கொல்லும் படம் என்றால் எல்லோரும் ஆஜர். ஆனால் முதல்முறை வருகிறவர்களில் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் செல்போனுக்குள் தலையை விட்டுவிடுவார்கள். 'இதுல அப்படி என்னடா இருக்கு' என்று கேட்பார்கள். படம் மட்டும் காரணமில்லை. எதைத் தேர்ந்தெடுத்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பதும் காரணம்.

பெரும்பாலோர் தொடங்குவதே தவறான இடத்தில்தான். இணையத்தில் அதிகம் பேசப்படுகிறதே என்று 2013இல் வந்த ஷார்க்நேடோவைப் போடுவார்கள். கடலில் கிளம்பிய சூறாவளி சுறாக்களை அள்ளிக்கொண்டு வந்து லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் மேல் கொட்டுகிறது. 2018 வரை வரிசையாக ஆறு பாகம் வந்துவிட்டது. எடுத்தவர்களுக்கே இது கூத்து என்று தெரியும். ஒவ்வொரு காட்சியிலும் நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறார்கள். ஜோக்கை அவர்களே சொல்லி அவர்களே சிரித்துவிட்டால் நமக்கு என்ன மிச்சம்? ஒரு பாகம் பார்க்கலாம். அதை வைத்து இந்த வகையையே எடைபோடக் கூடாது.

உண்மையான ருசி, கையில் காசில்லாமல் ஆனால் முழு நம்பிக்கையோடு எடுத்த படத்தில் இருக்கிறது. 1959இல் வந்த கில்லர் ஷ்ரூஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தீவில் ஒரு விஞ்ஞானி இருக்கிறார். மனிதனின் உருவத்தைச் சிறிதாக்கிவிட்டால் சாப்பாட்டுப் பஞ்சம் வராது என்பது அவர் கணக்கு. ஆராய்ச்சி கோணலாகிப் போய், மூஞ்சூறுகள் நாய் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. 'நாய் அளவு' என்பதற்குக் காரணம் இருக்கிறது. நடித்தவை நாய்களேதான். மேலே சடை சடையாக ரோமத்தைப் போர்த்திவிட்டு ஓட விட்டிருக்கிறார்கள். கிட்டத்தில் காட்டும்போது மட்டும் பல்லை நீட்டிக்கொண்டு ஒரு பொம்மைத் தலை வரும். முலுண்டில் நண்பன் வீட்டில் இதைப் போட்டபோது, சோபா ஓரத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த அவன் பாட்டி, 'ஏண்டா, அந்த நாய்க்கு எதுக்கு சால்வை போத்தியிருக்கா?' என்று கேட்டார். (பிள்ளையாரின் வாகனம் ஆளைக் கடித்துத் தின்கிறது என்று சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. அதுவும் கணபதி பண்டிகைக்கு வசூல் நடந்துகொண்டிருந்த நேரம்.)

ஆனால் அந்தப் படத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். முற்றத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போயாக வேண்டும். சுற்றிலும் மூஞ்சூறுகள். இரும்பு பீப்பாய்களைக் கவிழ்த்து ஒன்றோடொன்று இணைத்து, ஆளுக்கு ஒன்றின் அடியில் புகுந்துகொண்டு, குந்தியபடியே எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்தால், அந்த இடத்தில் மாட்டியவன் செய்யக்கூடிய சரியான காரியம் அதுதான். நடிகர்கள் முகத்தில் துளிக் கேலி இல்லை. சிரித்துக்கொண்டே 'தப்பிச்சுடுவாங்களா' என்று நாமும் முன்னால் நகர்ந்து உட்கார்கிறோம். சிரிப்பும் பதைப்பும் ஒரே நேரத்தில் வருகிற அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்தப் படங்கள். காப்புரிமை இல்லாததால் இலவசமாகவே கிடைக்கிறது.

2010இல் வந்த பேர்டெமிக்கும் இதே ஜாதி. பறவைகள் ஆகாயத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது போல நின்ற இடத்திலேயே சிறகடிக்கும். மனிதர்கள் துணி மாட்டும் ஹேங்கரை வீசிச் சண்டை போடுவார்கள். பத்தாயிரம் டாலருக்குள் எடுத்ததாகச் சொல்கிறார்கள். இயக்குநர் அதைச் சுற்றுச்சூழல் பற்றிய படமாக மனதார நம்பி எடுத்தார்.

இதைச் சொன்னதும் அடுத்த தவறுக்குப் போய்விடுவார்கள்: பட்ஜெட் குறைவென்றால் படம் சிரிப்பாகத்தான் இருக்கும் என்று நினைப்பது. அப்படி நினைப்பவர்களுக்கு 2003இல் வந்த ஓபன் வாட்டரைப் போட்டுக் காட்டுங்கள். முக்குளிக்கப் போன தம்பதியை, தலை எண்ணியதில் தவறு நேர்ந்து, நடுக்கடலில் விட்டுவிட்டுப் படகு திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. 1998இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவம் அதற்குத் தூண்டுதல். ஒன்றேகால் லட்சம் டாலர் அளவில் எடுத்த படம். கம்ப்யூட்டர் சுறாவுக்குக் காசு ஏது? நடிகர்களை நிஜச் சுறாக்களுக்கு நடுவில் இறக்கிவிட்டார்கள். அந்தப் படம் ஓடும்போது யாரும் சிரிக்கவில்லை, வடாபாவையும் தொடவில்லை.

காட்டாமல் பயமுறுத்துவது இந்த வகையின் பழைய வித்தை. அதைப் பிரபலமாக்கியது என்னவோ பெரிய ஸ்டூடியோ படமான ஜாஸ் (1975). இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் ஓயாமல் மக்கர் செய்ததால், மஞ்சள் பீப்பாய் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதை மட்டும் காட்டிப் பல இடங்களைச் சமாளித்தார்கள். காட்டாததற்குச் செலவில்லை என்ற பாடத்தைச் சின்னத் தயாரிப்பாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். மலிவுப் படங்களுக்குப் பேர்போன தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் கம்பெனிக்காக ஜோ டான்டே இயக்கிய, ஆளைத் தின்னும் மீன்களின் படமான பிரானா (1978) நல்ல உதாரணம். ரப்பர் மீன்கள், குமிழிகள், சிவந்த தண்ணீர், கிர்ரென்று ஒரு சத்தம். வேகமாக வெட்டி வெட்டிக் காட்டுவதால் மீனை முழுசாகப் பார்த்த ஞாபகமே இருக்காது. அதற்குத் திரைக்கதை எழுதிய ஜான் செய்ல்ஸ்தான் இரண்டு வருஷம் கழித்து அலிகேட்டர் என்ற முதலைப் படத்தையும் எழுதினார். இரண்டிலும் வசனம் உண்மையிலேயே கூர்மை.

அடுத்த தவறு, படத்தை வேகமாக ஓட்டி ஓட்டிப் பார்ப்பது. மிருகத்தைக் காட்டக் காசு வேண்டும், பேச்சுக்கு வேண்டாம். அதனால் முதல் அரை மணி நேரம் ஷெரீஃப், மேயர், யாரோ ஒரு பெண் விஞ்ஞானி என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அதைத் தள்ளிவிட்டு நேரே கடிக்கு வந்தால் ரப்பர் மட்டும்தான் தெரியும். யார் சாகப் போகிறார்கள் என்று பந்தயம் கட்டவாவது அந்தப் பேச்சு வேண்டும்.

தமிழ் டப்பிங் விஷயத்தில் எனக்கும் நண்பர்களுக்கும் சண்டை உண்டு. டிவியில் அப்படிப் பார்த்துத்தான் வளர்ந்தோம், மறுக்கவில்லை. ஆனால் மூலத்தில் முகத்தை இறுக்கிக்கொண்டு பேசும் ஷெரீஃபின் வாயில் மெட்ராஸ் பாஷையையும் பஞ்ச் டயலாக்கையும் செருகிவிடுகிறார்கள். எடுத்தவன் அடிக்காத ஜோக் அது. முதல் தடவை சப்டைட்டிலோடு பாருங்கள். டப்பிங் இரண்டாவது தடவைக்கு இருக்கட்டும். ஓயாமல் கமெண்ட் அடிக்கும் நண்பனுக்கும் இதே விதிதான்.

மிருகத்துக்கு ஏன் கோபம் வந்தது என்பதைக் கவனிக்காமல் விடுவதும் நஷ்டம். நம் ஊர்ப் பாம்புப் படத்தில் பாம்பு ஒன்று சாமிக்காக வரும், அல்லது ஜோடியைக் கொன்றவனைத் தேடி வரும். 'நீயா?' (1979) அப்படித்தான். எழுபதுகளின் அமெரிக்கப் படத்தில் காரணம் பெரும்பாலும் மனிதன் செய்த காரியம்: பிரானாவில் ராணுவ ஆராய்ச்சி, 1972இல் வந்த ராட்சத முயல் படத்தில் ஹார்மோன் ஊசி. ஆமாம், முயல்தான். குட்டி வீடுகளைக் கட்டி அதற்கு நடுவே நிஜ முயல்களை ஓட விட்டு, பயப்படச் சொல்கிறார்கள். பூச்சிமருந்தும் ரசாயனக் கழிவும் தினமும் செய்தியில் அடிபட்ட காலம் அது என்று தெரிந்து பார்த்தால் அந்த முயலுக்கே கொஞ்சம் கனம் வந்துவிடும்.

இதிலிருந்து விலங்கியல் கற்றுக்கொள்வதுதான் ஆபத்தான தவறு. ஜாஸ் நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றச் சொல்லிப் பிரசாரம் செய்தார். முலுண்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. 2023இல் கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் ஒரு மராத்தி சீரியல் செட்டுக்குள்ளேயே சிறுத்தை வந்துவிட்டது. யாரையும் தொடவில்லை. ஆரே காலனியில் குழந்தையைப் பறிகொடுத்த வீடும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்தச் சிறுத்தைகள் பெரும்பாலும் தெரு நாய்க்காகத்தான் ஊருக்குள் வருகின்றன. பட்டியல் போட்டுப் பழிவாங்க வருவதில்லை.

இன்னொன்று, மலிவுக்கான விலையை யார் கொடுத்தது என்று பார்க்காமல் விடுவது. இந்தியாவில் 2001இல் வந்த விதிகளின்படி படத்தில் விலங்கை நடிக்க வைக்க அனுமதி வாங்க வேண்டும். எழுபதுகளின் அமெரிக்காவில் அப்படியொரு கெடுபிடி இல்லை. 1977இல் வந்த கிங்டம் ஆஃப் தி ஸ்பைடர்ஸில் ஆயிரக்கணக்கில் உயிருள்ள டரன்டுலா சிலந்திகளை இறக்கினார்கள். காட்சிகளில் நசுங்கிச் செத்தவையும் நிஜச் சிலந்திகள்தான். படம் நன்றாகத்தான் இருக்கும், முடிவு பிரமாதம். ஆனாலும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அதை நான் போடுவதில்லை.